ஜீவனாம்சப் பணத்துக்கு வருமான வரி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இரண்டு மாதங்களில் இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை. பிரிந்து வாழும் கணவனும் மனைவியும் நீதிமன்ற உத்தரவின்படி கொடுக்கிற, வாங்குகிற பணத்துக்கு வரி உண்டா, உண்டென்றால் யார் தலையில் விழும் என்பதுதான் அது. ஆகவே இந்த முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கேட்டவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன். 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்து பிரிவு எண்களை மாற்றியிருந்தாலும், 2025-26 நிதியாண்டின் வருமானத்துக்கான ரிட்டர்ன் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியே அமையும் என்பதால், கீழே வரும் எண்கள் எல்லாம் பழைய சட்டத்தின் எண்கள்.

கேள்வி: நான் தனியார் பள்ளி ஆசிரியை; மாதச் சம்பளம் 28,000 ரூபாய். விவாகரத்து வழக்கு இன்னும் முடியவில்லை. குடும்ப நல நீதிமன்றம் எனக்கு மாதம் 12,000 ரூபாயும், ஒன்பது வயது மகளுக்கு 8,000 ரூபாயும் இடைக்கால ஜீவனாம்சமாகத் தரச் சொல்லியிருக்கிறது. இது என் வருமானமா? ரிட்டர்ன் தாக்கல் செய்யாவிட்டால், வரி ஏய்ப்பு என்று கணவர் தரப்பில் மனுப் போடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. (வாசகி, திருமங்கலம்)

நீங்கள் அனுப்பிய உத்தரவு நகலில் கடைசிப் பத்தியைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு இவ்வளவு, மைனர் மகளுக்கு இவ்வளவு என்று இரண்டு தொகைகளையும் தனித்தனியே அந்தப் பத்தி சொல்கிறது. எனக்கு வரும் நகல்களில் பாதியில் இந்தப் பிரிப்பு இருப்பதில்லை. "மனுதாரர்களுக்கு மாதம் 20,000" என்று ஒரே வரியில் முடிந்துவிடும். அப்படி முடிந்திருந்தால் உங்களுக்குப் பதில் சொல்வது இதைவிடக் கடினமாக இருந்திருக்கும்.

வருமான வரிச் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தால், ஜீவனாம்சம் வரிக்கு உட்பட்டது என்றோ விலக்குப் பெற்றது என்றோ நேராகச் சொல்லும் பிரிவு எதுவும் இல்லை. 1980-களில் பிரதாப்கர் சமஸ்தானத்து இளவரசி மகேஸ்வரி தேவியின் வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பைத்தான் இன்றுவரை எல்லோரும் பிடித்துக்கொண்டிருக்கிறோம். அந்த அம்மையாருக்கு நீதிமன்றம் ஒரு தொகையை மொத்தமாகவும் இன்னொன்றை மாதாமாதமும் தரும்படி ஆணையிட்டிருந்தது. நீதிமன்ற ஆணை என்ற உறுதியான அடிப்படையிலிருந்து காலந்தவறாமல் வருவதால் மாதத் தொகை வருமானம் ஆகிறது. மொத்தத் தொகையோ, வாழ்நாள் முழுதும் கேட்டிருக்கக்கூடிய உரிமையை விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக வந்த மூலதன வரவு, ஆகவே அதற்கு வரி இல்லை. தீர்ப்பின் சாரம் இதுதான்.

இதன்படி பார்த்தால் உங்கள் 12,000 ரூபாய் "பிற வருமானம்" என்ற தலைப்பில் வரும். உங்கள் திருமணம் சட்டப்படி இன்னும் முறியவில்லை, கணவர் 56-ஆம் பிரிவின் பொருளில் இன்னும் "உறவினர்"தான், உறவினரிடமிருந்து வரும் பணத்துக்கு வரி இல்லை என்று வாதிடும் ஆடிட்டர்களும் உண்டு. அந்த வாதத்தில் உயிர் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும், கணவர் மனமுவந்து தருவதும் நீதிமன்றம் மாதாமாதம் தரவைப்பதும் ஒன்றா என்று அதிகாரி கேட்டால் மேல்முறையீடு வரை போய்த்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, அந்தச் சண்டை தேவையா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஆண்டுச் சம்பளம் 3,36,000 ரூபாய். பழைய சட்டத்துக்குள்ளேயே இருக்கும் புதிய வரி முறையில் நிலையான கழிவு 75,000 போக மீதி 2,61,000. ஜீவனாம்சம் 1,44,000-ஐக் கூட்டினால் 4,05,000. அடிப்படை விலக்கு வரம்பு 4,00,000. அதற்கு மேலுள்ள 5,000 ரூபாய்க்கு 5 சதவீதம், அதாவது 250 ரூபாய் வரி. மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாதவர்களுக்குப் பிரிவு 87ஏ தரும் தள்ளுபடியில் அதுவும் கழிந்துவிடும். கட்ட வேண்டிய வரி ஒரு ரூபாய்கூட இல்லை.

வரி இல்லை என்பதால் ரிட்டர்னும் வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால், தள்ளுபடிக்குப் பின் வரி பூஜ்யமானாலும், தாக்கல் செய்தாக வேண்டும். நீங்கள் தாண்டியிருப்பது வெறும் ஐயாயிரத்தால் என்றாலும் தாண்டியது தாண்டியதுதான்.

மகளுக்கான 8,000 ரூபாயை உங்கள் வருமானத்தில் சேர்க்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. நாளைக்கு விவாகரத்து ஆகி உங்களுக்குக் கணவர் உறவினர் இல்லாமல் போனாலும், மகளுக்கு அவர் தகப்பனார்தான். அந்த உறவை எந்தத் தீர்ப்பும் அறுப்பதில்லை. அவளை வளர்ப்பது அவருடைய சொந்தக் கடமை. உங்கள் கணக்கு வழியாக அந்தப் பணம் போவது ஒரு வசதிக்காகத்தான். மகள் பெயரில் தனிச் சேமிப்புக் கணக்குத் தொடங்கி அதில் போடச் சொல்லி ஒரு மெமோ கொடுத்தால் இந்த விளக்கத்துக்கும் வேலை இருக்காது.

மனுப் பயத்தைப் பொறுத்தவரை, ரஜனேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில் வழிகாட்டு நெறிகள் வகுத்த பிறகு, ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் ஆகியவற்றைப் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்ய வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் செய்வது, அந்த வாக்குமூலத்தையும் ரிட்டர்னையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான். இரண்டும் ஒத்துப்போனால் யார் மனுப் போட்டும் ஒன்றும் ஆகாது.

கேள்வி: என் சம்பளம் மாதம் 1,50,000 ரூபாய். உத்தரவின்படி 35,000 ரூபாயை என் நிறுவனமே பிடித்து மனைவியின் கணக்குக்கு அனுப்பிவிடுகிறது. அந்தப் பணத்தை நான் கண்ணால் பார்ப்பதே இல்லை. ஆனால் படிவம் 16-இல் முழுச் சம்பளத்துக்கும் வரி போட்டிருக்கிறார்கள். 4,20,000 ரூபாயைக் கழித்துக்கொண்டு ரிட்டர்ன் போடலாமா? (வாசகர், மதுரை)

போட முடியாது. நிறுவனம் செய்தது சரி.

நியாயம் பேசுகிறீர்கள் என்பது புரிகிறது. உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். நிலையான கழிவு போக 17,25,000 ரூபாய்க்குப் புதிய முறையில் வரி 1,45,000, செஸ் சேர்த்து 1,50,800. ஜீவனாம்சத்தைக் கழிக்க அனுமதித்திருந்தால் 13,05,000-க்கு செஸ்ஸுடன் 78,780 மட்டுமே. ஆண்டுக்கு 72,020 ரூபாய் வித்தியாசம். சிறிய தொகை அன்று. உங்கள் மனைவிக்கு வேறு வருமானம் இல்லையென்றால் அவர் இதே 4,20,000-க்கு ஒரு ரூபாயும் கட்டப்போவதில்லை என்பது உங்கள் எரிச்சலைக் கூட்டும்.

ஆனால் இந்தக் கேள்வி அறுபது ஆண்டுகளுக்கு முன்பே உச்ச நீதிமன்றம் வரை போய் முடிந்துவிட்டது. சீதல்தாஸ் தீரத்தாஸ் என்ற பம்பாய்க்காரர், மனைவிக்கும் குழந்தைகளுக்கும் நீதிமன்ற டிக்ரியின்படி கொடுத்த பணத்தைத் தன் வருமானத்திலிருந்து கழிக்கக் கோரினார். அவர் கைகாட்டியது 1933-இல், அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தீர்த்த ராஜா பிஜய் சிங் துதோரியா வழக்கை. அதில் மாற்றாந்தாயின் ஜீவனாம்சத்துக்காக ராஜாவின் சொத்துகள்மேல் டிக்ரி மூலம் பொறுப்பு, அதாவது அந்தச் சொத்துகளிலிருந்தே அவருக்குக் கொடுத்தாக வேண்டும் என்ற கட்டு, ஏற்றப்பட்டிருந்தது. அந்த அம்மையாருக்குப் போன பகுதி ராஜாவின் வருமானமே ஆகாது என்று கவுன்சில் சொன்னது. சீதல்தாஸ் வழக்கில் அப்படி எந்தப் பொறுப்பும் இல்லை என்று கண்ட உச்ச நீதிமன்றம், அவர் கொடுத்தது தன் வருமானம் தன்னை வந்தடைந்த பிறகு செய்த செலவு என்று சொல்லிக் கழிவை மறுத்துவிட்டது.

மேலூர்ப் பக்கம் பெரியாறு கால்வாய்ப் பாசனம் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாட்டைச் சொல்வது எளிது. உங்கள் வயலை எட்டுமுன்பே மேல்மடையில் இன்னொருவர் பங்கு பிரிந்துபோனால் அது உங்கள் தண்ணீர் அன்று. உங்கள் வயலில் பாய்ந்த பிறகு வரப்பை வெட்டிப் பக்கத்து வயலுக்கு விட்டால், விட்டது யார் கட்டளைப்படி என்றாலும் அது உங்கள் தண்ணீர்தான். உங்கள் சம்பளம் நீங்கள் வேலை பார்த்த அன்றே உங்களுக்குச் சேர்ந்துவிடுகிறது. அதை நிறுவனம் நேராக அனுப்புவது வசூலிக்கும் முறையே தவிர, மேல்மடை ஆகாது.

இதில் பலர் கவனிக்கத் தவறும் இடம் ஒன்று உண்டு, அது வரி அலுவலகத்தில் இல்லை, குடும்ப நல நீதிமன்றத்தில் இருக்கிறது. தொகையை நிர்ணயிக்கும்போது நீதிமன்றங்கள் பார்ப்பது நிகரச் சம்பளத்தை. கணவரின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமாக இருக்கும் என்று உச்ச நீதிமன்றமே 2017-இல் ஒரு வழக்கில் கூறியது. அது எல்லா வழக்குக்கும் பொருந்தும் சூத்திரம் இல்லை என்றாலும், நிகரம் என்றால் வரி போக மீதி என்பதால், வரிச்சுமை அங்கேயே ஓரளவு கணக்கில் வந்துவிட வேண்டும். உங்கள் பிரமாண வாக்குமூலத்துடன் மொத்தச் சம்பளம் காட்டும் சான்றிதழ் மட்டும் போயிருந்து, பிடித்த வரியைக் காட்டும் படிவம் 16 போகாமல் இருந்திருந்தால், அந்தக் குறையை வக்கீலிடம் சொல்லித் தொகையை மாற்றக் கோரும் மனு போடலாம். வரி ரிட்டர்னில் கிடைக்காத நிவாரணம் உங்களுக்கு அங்கேதான் கிடைக்கும்.

சிறு துணுக்கு ஒன்று: பழைய வரி முறையில் இருப்பவராக இருந்து, குழந்தையின் கல்விக் கட்டணத்தை நீங்களே பள்ளிக்கு நேராகக் கட்டினால், 80சி-இன் 1,50,000 ரூபாய் உச்சவரம்புக்குள் அதைக் காட்டலாம். மனைவி கையில் கொடுத்து அவர் கட்டினால் உங்களுக்கு அது இல்லை. புதிய முறையில் இருவருக்கும் இல்லை.

கேள்வி: மாசி வீதிப் பகுதியில் எனக்கு இரண்டு கடைகள் உள்ளன. ஒன்றின் வாடகை மாதம் 30,000 ரூபாய். கட்டடம் என் பெயரிலேயே இருக்கட்டும், வாடகையை மட்டும் மனைவி நேராக வாங்கிக்கொள்ளட்டும் என்று சமரச மையத்தில் பேசி, ஜாயிண்ட் மெமோ தயாராகிவிட்டது. இனி அந்த வாடகைக்கு அவர்தானே வரி கட்ட வேண்டும்? (வாசகர், மதுரை)

மெமோ கையெழுத்தாகவில்லை என்றால் இன்னும் ஒரு வாரம் நிறுத்திவையுங்கள்.

சொத்தை மாற்றிக்கொடுக்காமல் அதிலிருந்து வரும் வருமானத்தை மட்டும் இன்னொருவருக்கு மாற்றினால், அந்த வருமானத்துக்கு வரி மாற்றிக்கொடுத்தவர் மேல்தான் என்று 60-ஆம் பிரிவு சொல்கிறது. வாடகைதாரர் உங்கள் மனைவியின் கணக்கில் போட்டாலும், உங்கள் கைக்கே வராவிட்டாலும், ஆண்டு வாடகை 3,60,000-இல் 30 சதவீதக் கழிவு போக 2,52,000 ரூபாய் உங்கள் வருமானத்தில் ஏறும். சொத்து வரியை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். நீங்கள் 30 சதவீத வரி விகிதத்தில் இருந்தால் வரி 75,600 ரூபாய், அதன்மேல் செஸ். மேலே சொன்ன மடை உதாரணத்தை நினைத்துக்கொண்டு, வாடகைதாரர் நேராகக் கொடுப்பது மேல்மடைதானே என்று கேட்கலாம். அந்த வழியை 60-ஆம் பிரிவு அடைத்துவைத்திருக்கிறது: மடையை நீங்களாகவே திறந்துவிட்டு, வயல் மட்டும் என்னுடையது என்று சொல்ல முடியாது.

வாடகை அவருக்கு நிரந்தரமாகப் போகத்தான் போகிறது, கடையைத் திரும்பக் கேட்கும் எண்ணம் இல்லை என்றால், கடையையே அவர் பெயருக்கு மாற்றுவதுதான் கணக்குக்கு ஒத்த வழி. பொதுவாக மனைவிக்குப் பிரதிபலன் இல்லாமல் மாற்றிக்கொடுத்த சொத்தின் வருமானம், 64-ஆம் பிரிவின்படி கணவன் கணக்கிலேயே சேர்க்கப்படும். அதே பிரிவு ஒரு விதிவிலக்கையும் வைத்திருக்கிறது: பிரிந்து வாழ்வதற்கான உடன்படிக்கை தொடர்பாக மாற்றிய சொத்துக்கு இந்தச் சேர்ப்பு கிடையாது. கட்டடங்களைப் பற்றிய 27-ஆம் பிரிவிலும் இதே விதிவிலக்கு இருக்கிறது. ஆகவே "அன்பின் காரணமாக" என்று ஆவண எழுத்தர் வழக்கமாக எழுதும் வாசகத்துக்குப் பதிலாக, இன்ன தேதியிட்ட உடன்படிக்கையின்படி நாங்கள் பிரிந்து வாழ்வதால் அதன் தொடர்ச்சியாக இந்தச் சொத்து மாற்றப்படுகிறது என்ற விவரம் பத்திரத்தில் இடம்பெற வேண்டும். பிரிந்து வாழும் கணவனும் மனைவியும் அன்பின் காரணமாகக் கடையை எழுதிக்கொடுத்ததாகப் பத்திரம் சொல்வதைப் படிக்கும்போது எனக்கே சிரிப்பு வரும், அதிகாரிக்கு வராது.

காலத்தையும் கவனியுங்கள். குடும்ப உறுப்பினர்களுக்கு இடையிலான செட்டில்மெண்ட் பத்திரத்துக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத்தாள், பதிவுக் கட்டணச் சலுகை இருக்கிறது. விவாகரத்து டிக்ரி வந்துவிட்டால் அவர் உங்கள் குடும்ப உறுப்பினர் அல்லர்; சலுகையும் போய்விடும். சார்பதிவாளர் அலுவலக வேலையை டிக்ரிக்கு முன்னால் முடித்துவிடுவதே சிக்கனம்.

இதில் முள் ஒன்றும் இருக்கிறது. தானமாகக் கொடுத்தால் மூலதன ஆதாய வரி இல்லை. ஜீவனாம்ச உரிமையை விட்டுக்கொடுத்ததற்கு ஈடாகக் கொடுத்தால், பிரதிபலன் பெற்றுக்கொண்டு சொத்தைக் கைமாற்றியதாக எடுத்துக்கொண்டு உங்களிடம் மூலதன ஆதாயக் கணக்கை அதிகாரி கேட்க இடமுண்டு. ஒரே பத்திரத்தில் முதல் பக்கத்தில் தானம் என்றும் மூன்றாம் பக்கத்தில் ஈடு என்றும் எழுதினால் இரு பக்கத்திலும் அடி விழும். கடையை என்ன விலைக்கு, எந்த ஆண்டில் வாங்கினீர்கள் என்ற விவரத்துடன் ஆடிட்டரும் வக்கீலும் ஒரே மேசையில் உட்கார்ந்து அந்தப் பத்தியை எழுத வேண்டும். உங்கள் மனைவி பின்னாளில் விற்றால், தானமாக வந்த சொத்துக்கு நீங்கள் வாங்கிய விலையைத்தான் அவருடைய அடக்க விலையாக எடுப்பார்கள் என்பதால், பழைய கிரயப் பத்திர நகலையும் அவரிடம் கொடுத்துவிடுங்கள். வாடகைதாரரிடம் நீங்கள் வாங்கிவைத்திருக்கும் அட்வான்ஸ் தொகையையும் சேர்த்து ஒப்படையுங்கள். கடையைக் கொடுத்துவிட்டு அட்வான்ஸை மறந்துபோன கதைகள் மறுபடியும் அதே நீதிமன்றத்தில்தான் போய் முடிகின்றன.

கேள்வி: பரஸ்பர சம்மத விவாகரத்தில் மொத்தம் 30 லட்ச ரூபாய் என்று பேசி முடித்திருக்கிறோம். 22 லட்சம் டிடி-யாகவும் 8 லட்சம் ரொக்கமாகவும் தருவதாகச் சொல்கிறார்கள். மொத்தத் தொகைக்கு வரி இல்லை என்றார் வக்கீல். அப்படியானால் ரொக்கமாக வாங்கினால் என்ன? (வாசகி, மேலூர்)

வக்கீல் சொன்னது சரி. வரி இல்லாத பணத்துக்கும் அபராதம் உண்டு என்பதை மட்டும் அவர் சொல்லாமல் விட்டிருக்கிறார்.

ஒரே நபரிடமிருந்து ஒரே நாளிலோ, ஒரே பரிவர்த்தனைக்காகவோ, ஒரே நிகழ்வு தொடர்பாகவோ 2 லட்ச ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதைப் பிரிவு 269எஸ்டி தடுக்கிறது. மீறினால் வாங்கிய தொகை எவ்வளவோ அவ்வளவும் அபராதம். அதுவும் கொடுத்தவருக்கு இல்லை, வாங்கியவருக்கு. 8 லட்சத்தை மஞ்சள் பையில் வாங்கிக்கொண்டு நீதிமன்றப் படியிறங்கினால், இன்னொரு 8 லட்சத்தைக் கட்ட வேண்டிய நிலை உங்களுக்கு வரலாம். தவணைக்கு ஒன்றரை லட்சமாகப் பிரித்து வாங்கினாலும், எல்லாம் ஒரே விவாகரத்து உடன்பாடு தொடர்பானவை என்பதால் தப்ப முடியாது. முழுத் தொகையையும் டிடி-யாகவோ வங்கிப் பரிமாற்றமாகவோ கேளுங்கள். ரொக்கமாகத்தான் தருவேன் என்று அவர்கள் பிடிவாதம் பிடித்தால், அந்தப் பணம் கணக்கில் காட்டாத பணமாக இருக்கலாம் என்பதையும் யோசியுங்கள்.

பரஸ்பர சம்மத விவாகரத்துக்கான இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் முதல் மனுவின்போது ஒரு பகுதி, இறுதி வாக்குமூலத்தின்போது மறுபகுதி என்று வாங்குவது வழக்கம். தொகை முன்கூட்டியே மொத்தமாக நிர்ணயிக்கப்பட்டு, தவணையாகக் கட்டப்பட்டால், அது மொத்தத் தொகை என்ற தன்மையை இழப்பதில்லை. உடன்படிக்கையில் "கடந்தகால, நிகழ்கால, எதிர்கால ஜீவனாம்ச உரிமைகள் அனைத்துக்கும் முழு ஈடாக 30 லட்சம்" என்ற பொருள்பட ஒரு வரி தெளிவாக இருக்கட்டும். அது இல்லாமல், டிக்ரிக்குப் பின் வரும் கடைசித் தவணையை உறவினர் அல்லாதவரிடமிருந்து வந்த அன்பளிப்பு என்று யாராவது வாசித்தால், 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட அன்பளிப்புக்கு முழு வரி என்ற விதி வந்து நிற்கும்.

திருமணத்தின்போது உங்கள் வீட்டில் போட்ட நகைகளும் சீர்வரிசைப் பாத்திரங்களும் திரும்பி வருவது இந்தக் கணக்கில் சேராது. அவை எப்போதும் உங்கள் சொத்து. ஆனால் பட்டியலை எடையுடன் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

30 லட்சத்துக்கு வரி இல்லை. அதை டெபாசிட்டில் போட்டு வரும் வட்டிக்கு உண்டு.

கேள்வி: கணவர் விவாகரத்து வாங்காமலே பிரிந்துவிட்டார். நீதிமன்றத்தில் பேசி மகன் பெயரில் 10 லட்சம் டெபாசிட் செய்தார். வட்டிக்கு வரிப் பிடித்தம் செய்திருக்கிறார்கள். மைனரின் வட்டியை நான் காட்டுவதா, அவர் காட்டுவதா? (வாசகி, வாடிப்பட்டி)

உங்கள் கேள்வி சிறியது, பதில் விசித்திரமானது. மைனர் குழந்தையின் வருமானத்தை யார் கணக்கில் சேர்ப்பது என்பதை 64(1ஏ) பிரிவு சொல்கிறது. திருமணம் நிலைத்திருக்கும் வரை, தாய் தந்தையரில் யாருடைய வருமானம் அதிகமோ அவர் கணக்கில் சேர வேண்டும். திருமணம் முறிந்துவிட்டால், அந்த ஆண்டில் குழந்தையைப் பராமரித்தவர் கணக்கில் சேர வேண்டும்.

நீங்கள் பிரிந்து வாழ்கிறீர்களே தவிர, சட்டத்தின் பார்வையில் திருமணம் நிலைத்திருக்கிறது. ஆகவே அவர் வருமானம் உங்களுடையதைவிட அதிகமென்றால், பிள்ளையை நீங்கள் வளர்த்தாலும் வட்டி அவர் ரிட்டர்னில்தான் ஏற வேண்டும். இதை அவருக்கு வக்கீல் மூலம் எழுத்தில் தெரிவித்து, வட்டிச் சான்றிதழின் நகலையும் அனுப்பிவிடுங்கள். அவர் காட்டாவிட்டால் அது அவர் பொறுப்பு. விவாகரத்து ஆனால் அந்தப் பொறுப்பு உங்களுக்கு வரும். குழந்தை ஒன்றுக்கு 1,500 ரூபாய் வரை விலக்கு என்பது பழைய வரி முறையில் மட்டுமே.

கேள்வி: எனக்கு ஜவுளிக்கடை இருக்கிறது. மனைவிக்கு மாதாமாதம் தரும் ஜீவனாம்சத்தைக் கடைக் கணக்கில் அவர் பெயரில் "சம்பளம்" என்று எழுதிவருகிறார் கணக்குப்பிள்ளை. தவறில்லையே? (வாசகர், மதுரை)

தவறுதான், இரட்டைத் தவறு. ஜீவனாம்சம் சொந்தச் செலவு. வியாபாரச் செலவாகக் கழிக்க முடியாது. கடைப் பக்கம் வராத மனைவிக்குச் சம்பளம் என்று எழுதியது பொய்க்கணக்கு. குடும்ப நல நீதிமன்றத்தில் அதே பேரேட்டைக் காட்டினால், மனைவிக்கு வேலையும் சம்பளமும் இருக்கிறது என்று நீங்களே பொய்ச் சாட்சி தயாரித்ததாகவும் ஆகும். இந்த மாதம் முதல் "சொந்த எடுப்பு" என்று எழுதச் சொல்லுங்கள். பழைய ஆண்டுகளுக்குத் திருத்திய ரிட்டர்ன் போடக் காலம் இருக்கிறதா என்று பார்த்துப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி, அங்கே ஜீவனாம்சத்தைக் கழித்துக்கொள்ளலாம் என்கிறான். இங்கே மட்டும் ஏன் இல்லை? (வாசகர், சோழவந்தான்)

உங்கள் தம்பி சொல்வது பழைய கதை. 2017-இல் அங்கே வந்த வரிச் சீர்திருத்தச் சட்டத்துக்குப் பின், 2018 டிசம்பர் 31-க்குப் பிறகு செய்துகொண்ட விவாகரத்து உடன்படிக்கைகளில் கொடுப்பவருக்குக் கழிவும் இல்லை, வாங்குபவருக்கு வரியும் இல்லை. அதற்கு முந்தைய உடன்படிக்கை என்றால் தம்பி சொல்வது பொருந்தலாம். இங்கே கொடுப்பவருக்குக் கழிவும் இல்லாமல், மாதமாக வாங்குபவருக்கு வரியும் இருப்பது நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். 2025-இல் சட்டம் முழுவதையும் புதிதாக எழுதியபோது இதற்கென ஒரு தெளிவான பிரிவைச் சேர்த்திருக்கலாம், சேர்க்கவில்லை.

கேள்வி: மாதம் 15,000 வீதம் மூன்று ஆண்டு நிலுவை 5,40,000 ரூபாயை என் கணவர் ஒரே நாளில் கட்டினார். எனக்கு வேறு வருமானம் இல்லை. மொத்தமாக வந்ததால் வரி இல்லை என்கிறார் ஒருவர். மூன்று வருடத்துக்கும் பிரித்துப் போடலாம் என்கிறார் இன்னொருவர். (வாசகி, உசிலம்பட்டி)

மனுப் போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் வழங்க வேண்டும் என்று, மேலே சொன்ன ரஜனேஷ் எதிர் நேஹா வழக்கின் 2020 தீர்ப்பு சொன்னதிலிருந்து, இப்படி நிலுவை குவிந்து ஒரே நாளில் வருவது அடிக்கடி நடக்கிறது. மாதத் தொகைகள் சேர்ந்து ஒரே காசோலையாக வந்ததாலேயே அது மூலதனம் ஆகிவிடாது என்பது வருமான வரித்துறை எடுக்கக்கூடிய நிலை. மாதாமாதம் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுத்துப் பழைய பாக்கிக்கும் ஈடாகப் பெற்ற மொத்தத் தொகைக்கு வரி இல்லை என்று தில்லி வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் உங்களுக்கு மாதத் தொகை இனியும் தொடர்கிறது; எதையும் நீங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தத் தீர்ப்பு உங்களுக்கு அவ்வளவாகக் கைகொடுக்காது.

நிலுவையை ஆண்டுகளுக்குப் பிரித்து வரியைக் குறைக்கும் 89-ஆம் பிரிவு சம்பள நிலுவைக்கும் குடும்ப ஓய்வூதிய நிலுவைக்கும் உரியது, ஜீவனாம்சத்துக்கு இல்லை. கணக்குப் புத்தகம் வைக்காத உங்களைப் போன்றவர்களுக்குப் பணம் கைக்கு வந்த ஆண்டே வருமான ஆண்டு. ஆகவே முழுத் தொகையையும், அந்த ஆண்டில் தொடர்ந்து வந்த மாதத் தொகை 1,80,000-ஐயும் சேர்த்து 7,20,000 என்று பிற வருமானத்தில் காட்டுங்கள். பணம் வந்தது 2025-26-இல் என்றால், புதிய முறையில் வரி 16,000 ரூபாய். அது முழுவதும் 87ஏ தள்ளுபடியில் கழிந்துவிடும். ரிட்டர்னைக் கணினி வழியே அனுப்பினால் போதும், மதுரை பீபீ குளம் வருமான வரி அலுவலகத்துக்குப் போக வேண்டியதில்லை. உத்தரவு நகலையும், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரைக்கான நிலுவை என்று உங்கள் வக்கீல் போட்ட கணக்குத் தாளையும் அந்த ஆண்டின் வங்கிப் பாஸ்புத்தகத்தோடு சேர்த்துக் கட்டிவையுங்கள்.